எல்லைக் கோடும் தாய்மொழியும்: கொரீசியா மாகாணத்தின் கதை

ஐரோப்பாக் கண்டத்தின் படத்தில் இத்தாலி நாட்டின் வடகிழக்கு மூலையை நோக்கினால், ஸ்லோவீனியா நாட்டின் எல்லையை ஒட்டி ஒரு சிறு நிலப்பகுதி தென்படும். அதன் பரப்பு ஐந்நூறு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. இத்தாலியர் அதனைக் கொரீசியா என்பர். ஸ்லோவீனியர் கோரித்சா என்பர். ஜெர்மானியர் கேர்ட்ஸ் என்றனர். மேற்கே சமவெளியில் வாழும் பிரியூலியர் குரீசே என்பர். ஓர் ஊருக்கு நான்கு பெயர் வழங்குவதே அவ்வூரின் வரலாற்றைப் பாதி சொல்லிவிடுகிறது.

பேரரசுகளின் வரலாற்றை எழுதுவோர் இத்தகைய சிறு மாகாணங்களுக்கு ஓர் அடிக்குறிப்புக்கு மேல் இடந்தருவதில்லை. ஆயினும் ஒரு மொழி எவ்வாறு வாழ்கிறது, எவ்வாறு நலிகிறது, எதனால் மீள்கிறது என்று அறிய விரும்புவார்க்கு, பெரிய நாடுகளின் வரலாற்றைக் காட்டிலும் இச்சிறு நிலத்தின் வரலாறு தெளிவான பாடம் புகட்டும். அரசு மாறுவதும், எல்லை நகர்வதும், கணக்கெடுப்பு நடப்பதும், பள்ளி மூடுவதும், பள்ளி திறப்பதும் ஆகிய அனைத்தும் இங்கே ஒரு மனிதனின் வாழ்நாளுக்குள் நிகழ்ந்திருக்கின்றன.

நிலமும் பெயரும்

ஆல்ப்ஸ் மலையில் தோன்றி ஏட்ரியாட்டிக் கடலில் கலக்கும் ஓர் ஆறு உண்டு. நீலமும் பச்சையும் கலந்த நிறமுடையது. நீளம் சுமார் 140 கிலோமீட்டர். மலைநாட்டில் அதன் பெயர் சோச்சா; சமவெளியில் அதன் பெயர் இசொன்சோ. மலையிடுக்கை விட்டு அந்த ஆறு வெளிப்பட்டுச் சமவெளியை அடையும் வாயிலில்தான் கொரீசியா நகரம் அமைந்திருக்கிறது. தமிழ் மரபில் சொல்வதாயின், குறிஞ்சியும் மருதமும் கைகோக்கும் இடம் அது. மலையிலிருந்து மரமும் பாலும் இறங்கி வரும். சமவெளியிலிருந்து தானியமும் துணியும் ஏறிச் செல்லும். இரு நிலத்தாரும் கூடும் சந்தையில் இரு மொழிகளும் கூடின.

இவ்வூரைப் பற்றிய முதல் எழுத்துச் சான்று 1001ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பேரரசர் மூன்றாம் ஓட்டோ அவ்வாண்டு இலத்தீன் மொழியில் ஒரு தானப் பட்டயம் வழங்கினார். அதில், ஸ்லாவியர் தம் மொழியில் கோரித்சா என்று அழைக்கும் சிற்றூர் என இது குறிக்கப்பட்டுள்ளது. ஊரின் பாதி அக்குவிலேயாவின் சமயத் தலைவருக்கும், மறுபாதி பிரியூலியின் கோமகனுக்கும் உரித்தாயின. கோரித்சா என்னும் ஸ்லாவியச் சொல்லுக்குச் சிறு குன்று என்பது பொருள். குன்றத்தூர், குன்றக்குடி என்னும் பெயர்களை அறிந்த தமிழருக்கு இப்பெயரமைப்பு எளிதில் விளங்கும்.

இப்பட்டயத்தில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. எழுதியவர் கையாண்டது இலத்தீன். ஆண்டவர் ஜெர்மானியப் பேரரசர். பெற்றவர்கள் ஒரு சமயத் தலைவரும் ஒரு பிரபுவும். ஊருக்குப் பெயரிட்டவர்களோ அந்நிலத்தை உழுதவர்கள். ஆட்சியாளர் எம்மொழி பேசினும் உழவன் இட்ட பெயர் நிலைத்தது.

கோமகனார் காலம்

அடுத்து வந்த நூற்றாண்டுகளில் கொரீசியாக் கோமகன் மரபினர் ஆண்டனர். அம்மரபின் கடைசிக் கோமகன் லியோன்ஹார்ட் 1500ஆம் ஆண்டு மகப்பேறின்றி மறைந்தார். நாடு ஹாப்ஸ்பர்க் மரபினரான மாக்சிமிலியனைச் சேர்ந்தது. அயலில் இருந்த வெனிஸ் குடியரசு இதனை ஒப்பவில்லை. அக்குடியரசு 1508ஆம் ஆண்டு நகரைக் கைப்பற்றி, மறு ஆண்டே இழந்தது. மீண்டும் 1615 முதல் 1617 வரை கிராடிஸ்கா என்னும் கோட்டையூரை மையமாகக் கொண்டு ஒரு போர் மூண்டது. அக்கிராடிஸ்காவும் ஒரு நிலையில் நில்லாது, 1647இல் எக்கன்பெர்க் என்னும் பிரபுக் குடும்பத்துக்கு விற்கப்பட்டு, 1717இல் மீண்டு, 1754இல் கொரீசியாவோடு இணைக்கப்பட்டது. எல்லை என்பது இந்நாட்டில் அக்காலத்தும் அலைபாய்ந்த ஒன்றுதான்.

ஆனால் அக்கால எல்லை மாற்றங்களுக்கும் பிற்கால மாற்றங்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முற்கால அரசர் வரி கேட்டனர். படைக்கு ஆள் கேட்டனர். குடிமகன் வீட்டில் எம்மொழி பேசுகிறான் என்று கேட்கவில்லை. ஸ்லோவீனிய மொழியில் முதல் அச்சு நூல்களை 1550இல் வெளியிட்ட பிரிமோஷ் துருபார், 1563ஆம் ஆண்டு கொரீசியாவுக்கு வந்து சமயப் பேருரை ஆற்றினார். கேட்போருக்கேற்ப ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் அவர் உரையாற்றினார். 1607இல் அலாசியா என்னும் துறவி, இத்தாலிய மொழிக்கும் ஸ்லோவீனிய மொழிக்கும் ஒரு சொற்களஞ்சியம் தொகுத்து உதினே நகரில் அச்சிட்டார். பிறர் மொழியைக் கற்பது அந்நாளில் பிழைப்புக்கு வழியாகவும் அயலாரோடு பழகும் பண்பாகவும் இருந்தது.

நெப்போலியன் காலத்தில் எல்லை விரைந்து நகர்ந்தது. 1807இல் இசொன்சோ ஆறே எல்லையாயிற்று. 1809இல் கொரீசியா பிரெஞ்சுக்காரர் அமைத்த இல்லிரிய மாகாணங்களோடு சேர்ந்தது. அம்மாகாணங்களில் தொடக்கப் பள்ளிகளில் தாய்மொழிக் கல்விக்கு இடந்தரப்பட்டது. அவ்வாட்சி 1813இல் முடிந்தது. ஆஸ்திரியா திரும்பி வந்தது. நான்கு ஆண்டுகளே நீடித்த ஓர் ஏற்பாடாயினும், தம் மொழியும் பள்ளி ஏறத் தகுந்ததே என்னும் எண்ணத்தை ஸ்லோவீனியக் கற்றவரிடையே அது விதைத்துச் சென்றது.

கணக்கெடுப்புப் பூசல்

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் காலம் மாறியது. ஆஸ்திரியாவின் 1867ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டம், நாட்டின் எல்லா இனத்தாருக்கும் மொழியுரிமை சமம் என்று அறிவித்தது. அறிவிப்பு நன்று, அதனைச் செயற்படுத்த, எவ்விடத்தில் எம்மொழியார் எத்தனை பேர் என்று அறிய வேண்டியதாயிற்று. அதனால் 1880 முதல் மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் அன்றாட வழக்கு மொழி எது என்ற கேள்வி சேர்ந்தது.

தாய்மொழி எது என்று கேட்கவில்லை, வழக்கு மொழி எது என்றே கேட்டனர் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. இத்தாலியர் வீட்டில் பணிபுரியும் ஸ்லோவீனியப் பெண் நாள் முழுதும் எசமானரோடு இத்தாலிய மொழி பேசுவாள். அவளை எம்மொழியாளாகக் கணக்கிடுவது? கணக்கெடுத்த நகராட்சிகள் இத்தாலியர் கையில் இருந்தன. 1910ஆம் ஆண்டுக் கணக்கில் முறைகேடு என்று ஸ்லோவீனியர் முறையிடவே, திரியெஸ்தே நகரிலும் கொரீசியா நகரிலும் அரசு மறுகணக்கு எடுத்தது. மறுகணக்கில் ஸ்லோவீனியர் தொகை உயர்ந்தது. கொரீசியா நகரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இத்தாலிய மொழியினர், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் ஸ்லோவீனியர், பத்தில் ஒரு பங்கினர் ஜெர்மானியர் என்று தெரிய வந்தது. மாகாணம் முழுவதையும் எடுத்துக்கொண்டாலோ, சுமார் 2,60,000 மக்களுள் 1,54,000 பேர் ஸ்லோவீனியர். 90,000 பேர் இத்தாலிய, பிரியூலிய மொழியினர். சுருங்கக் கூறின், நகரம் ஒரு மொழி, நாட்டுப்புறம் ஒரு மொழி. பின்னர் நேர்ந்த துன்பங்களுக்கெல்லாம் வித்து இந்த அமைப்பிலேயே இருந்தது.

பிரியூலியரின் நிலை வேறு. அவர்கள் மொழி இத்தாலிய மொழியின் சிதைவு என்றே பலரும் கருதினர். கணக்கெடுப்பும் அவர்களை இத்தாலியரோடு ஒரே தலைப்பில் அடக்கியது. அம்மொழிக்குத் தனி இடம் உண்டு என்று மொழியியல் நெறிப்படி நிறுவியவர் கொரீசியாவில் 1829இல் பிறந்த கிராசியாதியோ அஸ்கோலி. பிரியூலிய மொழியும் ஆல்ப்ஸ் மலையின் வேறு சில மொழிகளும் ஓரினம் என்று அவர் 1873இல் எடுத்துக்காட்டினார். ஒரு சிறு மொழியின் தனித்தன்மையை உணர்த்திய இந்த அறிஞரே, 1863இல் இந்நிலப்பகுதி முழுமைக்கும் வெனேசியா ஜூலியா என்னும் இத்தாலியப் பெயரைச் சூட்டியவரும் ஆவார். ஆராய்ச்சியும் அரசியலும் ஒருவர் உள்ளத்திலேயே குடியிருந்தன. இன்றும் அம்மாநிலத்தின் பெயரில் அவர் சூட்டிய பெயர் நிலைத்திருக்கிறது.

போரும் ஆட்சி மாற்றமும்

1914இல் முதல் உலகப் பெரும்போர் மூண்டது. 1915 ஏப்ரலில் லண்டனில் செய்துகொண்ட மறைமுக உடன்படிக்கையில், நேச நாடுகள் இந்நிலத்தை இத்தாலிக்கு வாக்களித்தன. நிலத்தில் வாழ்ந்தோரை எவரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் இத்தாலி போரில் இறங்கியது. 1915 முதல் 1917 வரை இசொன்சோ ஆற்றங்கரையில் பன்னிரண்டு பெரும் போர்கள் நிகழ்ந்தன. 1916 ஆகஸ்டில் ஆறாம் போரில் இத்தாலியப் படை கொரீசியா நகரில் நுழைந்தது. 1917 அக்டோபரில் கப்பொரெத்தோவில் தோற்று நகரை இழந்தது. 1918 நவம்பரில் மீண்டும் நுழைந்தது. இலட்சக்கணக்கானோர் மாண்டும் காயமுற்றும் அழிந்தனர். இருபுறத்து ஊர்களும் கற்குவியலாயின. ஊர்விட்டு ஓடிய மக்களுள் ஒருசாரார் ஆஸ்திரியாவின் உட்பகுதி முகாம்களிலும், ஒருசாரார் இத்தாலியின் உட்பகுதியிலும் காலங்கழித்தனர்.

1920 நவம்பரில் ரப்பாலோ உடன்படிக்கை எல்லையைக் கிழக்கே வெகுதூரம் தள்ளியது. கொரீசியா மட்டுமன்றி, சோச்சா ஆற்றின் மலைநாடு முழுவதும் இத்தாலியைச் சேர்ந்தது. ஆண்ட மொழி மாறிற்று; வாழ்ந்த மொழி மாறவில்லை. 1921ஆம் ஆண்டுத் தேர்தலில் கொரீசியாத் தொகுதியின் ஐந்து இடங்களுள் நான்கினை ஸ்லோவீனியர் பட்டியல் வென்றது. புதிய ஆட்சியாளருக்கு இது பெருந்தலைவலியாயிற்று. இத்தாலிய நாட்டுக்குள் இத்தாலியர் சிறுபான்மையராக உள்ள ஒரு மாகாணமா?

இதற்கு அவர்கள் கண்ட வழி விந்தையானது. மக்களை மாற்ற இயலாதாகையால் மாகாணத்தை மாற்றினர். 1923 தொடக்கத்தில் கொரீசியா மாகாணம் நீக்கப்பட்டு, அதன் பெரும்பகுதி உதினே மாகாணத்தோடு கலக்கப்பட்டது. எண்ணிக்கையில் மிக்க பிரியூலி மக்களிடையே ஸ்லோவீனியர் ஒரே நாளில் சிறுபான்மையராயினர். நான்காண்டு கழித்து, 1927இல், மாகாணம் சுருங்கிய வடிவில் மீண்டும் உண்டாக்கப்பட்டது. படத்தில் கோடு நகர்ந்தால் பெரும்பான்மையர் சிறுபான்மையராவர் என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று காண்பது அரிது.

பள்ளியின் வாயில் அடைபட்டது

1922 அக்டோபரில் முசோலினி ஆட்சிக்கு வந்தார். 1923ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பயிற்றுமொழி இத்தாலிய மொழி ஒன்றே என்று விதித்தது. எல்லா வகுப்பையும் ஒருங்கே மாற்றவில்லை. முதலாண்டு முதல் வகுப்பு, மறு ஆண்டு இரண்டாம் வகுப்பு என்று படிப்படியாக மாற்றினர். மூத்த பிள்ளை தாய்மொழியில் எழுதப் படிக்க அறிந்திருந்தான். இளைய பிள்ளை அறியாதிருந்தான். ஒரே கூரையின்கீழ் இரண்டு தலைமுறை தோன்றிற்று. 1920களின் இறுதிக்குள் ஸ்லோவீனிய வகுப்பறை ஒன்றும் எஞ்சவில்லை. ஸ்லோவீனிய ஆசிரியர்கள் பணிநீக்கம் பெற்றனர், அல்லது இத்தாலியின் தொலைவூர்களுக்கு மாற்றப்பட்டனர்.

பள்ளியோடு நிற்கவில்லை. 1923இல் ஊர்ப்பெயர்கள் இத்தாலிய வடிவம் பெற்றன. 1927இல் குடும்பப் பெயர்களை மாற்றும் சட்டம் இப்பகுதிக்கும் நீட்டப்பட்டது. சங்கங்கள் கலைக்கப்பட்டன, செய்தித்தாள்கள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. பல்லாயிரவர் யூகோஸ்லாவியாவுக்கும் கடல் கடந்து அர்ஜென்டினாவுக்கும் குடிபெயர்ந்தனர்.

இந்நிலையில் மொழி எங்கே ஒதுங்கியது? கோயிலிலும் பாட்டிலும் ஒதுங்கியது. பேராயர் செடெய், சமயக் கல்வி தாய்மொழியில்தான் அளிக்கப்பட வேண்டும் என்று உறுதியாக நின்றார். 1931இல் பதவி விலகும்படி நேர்ந்தது. அவ்வாண்டே அவர் காலமானார். 1924இல் தோன்றிய கொரீசியா மொகோர் நூற்கழகம், ஆண்டுதோறும் எளிய நூல்களை வீடுகளுக்கு அனுப்பிவந்தது. பள்ளியில் எழுத்துக் கல்லாத சிறுவர் அந்நூல்களையும் செபப் புத்தகத்தையும் கொண்டு வீட்டில் எழுத்துக் கற்றனர். கோயில் பாடற்குழுக்கள் தாய்மொழிப் பாடல்களைக் காத்தன. அதற்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. பாடற்குழு ஆசிரியர் லோய்சே பிராத்துஷ், 1936 டிசம்பர் 27ஆம் நாள் வழிபாடு முடிந்து வெளிவருகையில் பாசிசக் குண்டர்களிடம் சிக்கினார். எந்திர எண்ணெயைக் குடிக்கும்படி அவரை வற்புறுத்தினர். 1937 பிப்ரவரியில் அவர் உயிர் நீத்தார். பாட்டுச் சொல்லிக்கொடுத்ததன்றி வேறு குற்றம் அவர் செய்தாரில்லை. இன்று கொரீசியாவில் ஸ்லோவீனியரின் பண்பாட்டு மன்றம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வெள்ளைக் கோடு

இரண்டாம் உலகப்போரில், 1943 செப்டம்பரில் இத்தாலி பணிந்தபின் ஜெர்மானியர் இந்நிலத்தை நேரே ஆண்டனர். 1945 மே மாதத் தொடக்கத்தில் யூகோஸ்லாவியப் படையினர் நகரில் நுழைந்து ஏறத்தாழ நாற்பது நாள் இருந்தனர். அந்நாட்களில் பல நூற்றுவர் சிறைபிடிக்கப்பட்டுக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் திரும்பவில்லை. நேற்று வரை ஒடுக்கப்பட்டவர் பக்கத்திலிருந்து வந்த கொடுமையாயினும் கொடுமை கொடுமையே. இத்தாலியக் குடும்பங்களின் நெஞ்சில் அத்துயரம் பல்லாண்டு ஆறாதிருந்தது. ஸ்லோவீனியர் நெஞ்சில் இருபதாண்டு அடக்குமுறையின் நினைவு இருந்தது. இரு துயரங்களும் ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகளில் வாழ்ந்தன.

ஜூன் மாதம் முதல் 1947 செப்டம்பர் வரை பிரித்தானிய, அமெரிக்கப் படைத்துறை ஆட்சி நடந்தது. 1946 வசந்தத்தில் வல்லரசுகளின் எல்லைக் குழு நேரில் வந்து ஆராய்ந்தது. அக்குழு செல்லுமிடமெல்லாம் இருசாராரும் தத்தம் கொடியேந்தி நின்றனர். சோவியத்து, பிரித்தானிய, அமெரிக்க, பிரெஞ்சுப் பேராளர்கள் நான்கு வெவ்வேறு கோடுகளை வரைந்து தந்தனர். இறுதியில் பிரெஞ்சுக் கோடு அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. எப்படி வரைந்தாலும் இருபுறமும் மாற்று மொழியினர் தங்கிவிடுவர். ஆதலின் இருபுறத்துச் சிறுபான்மையும் ஏறத்தாழ நிகராகட்டும் என்பது அக்கோட்டின் கருத்து. மொழிக்கேற்ப நிலத்தைத் துல்லியமாகப் பிரிக்கலாம் என்ற எண்ணம் இங்கே கைவிடப்பட்டது.

1947 பிப்ரவரியில் பாரிசு நகரில் ஒப்பம் பெற்ற உடன்படிக்கை, செப்டம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. படைவீரர்கள் சுண்ணாம்பும் தூரிகையும் கொண்டு தரையில் வெள்ளைக் கோடு இழுத்தனர். தோட்டங்களையும் வீட்டு முற்றங்களையும் கோடு ஊடறுத்தது. மிரேன் என்னும் சிற்றூரில் இடுகாட்டின் நடுவே கல்லறைகளைப் பிளந்து சென்றது. செத்தவருக்கும் இரண்டு நாடு உண்டாயிற்று. மாகாணத்தின் பெரும்பகுதியான மலைநாடு யூகோஸ்லாவியாவைச் சேர்ந்தது. கொரீசியா நகரமும் குறுகிய சமவெளியும் இத்தாலியில் நின்றன. சுருங்கிய மாகாணத்தை ஈடுசெய்வதற்கென, திரியெஸ்தேயைச் சேர்ந்திருந்த மோன்பால்கோனேயும் கிராடோவும் இதனோடு சேர்க்கப்பட்டன.

நகரின் கிழக்கே 1906இல் திறக்கப்பட்ட புகைவண்டி நிலையம் எதிர்ப்புறம் போயிற்று. அதன் முன்னுள்ள சதுக்கம் இரண்டாயிற்று. அப்பாதையில் சோச்சா ஆற்றைக் கடக்கும் சோல்கான் பாலமும் அப்பால் நின்றது. 85 மீட்டர் அகலமுள்ள ஒரே கல்வளைவால் ஆன அப்பாலம், புகைவண்டிக் கற்பாலங்களுள் உலகிற் பெரியது. பிரெஞ்சு நாட்டின் முடிதுறந்த அரசர் பத்தாம் சார்லஸ் 1836இல் கொரீசியாவில் இறந்து அடக்கமான கோஸ்தான்யெவித்சா மடமும் எல்லைக்கு அப்பாற்பட்டதாயிற்று.

மலைநாட்டாருக்கு ஏற்பட்ட இழப்பு வேறு வகையானது. சந்தைக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் அவர்கள் தொன்றுதொட்டு நாடிவந்த நகரம் அயல்நாட்டு நகரமாகிவிட்டது. ஆகவே 1948 ஜூன் மாதம், எல்லையை ஒட்டிய வெற்று நிலத்தில் புதிய நகருக்கு அடிக்கல் நாட்டினர். எட்வர்ட் ராவ்னிகார் என்னும் கட்டடக்கலைஞர் அதனை வகுத்தார். இளைஞர் தொண்டர் படைகள் சதுப்பைத் தூர்த்துச் சாலை அமைத்தன. நோவா கோரித்சா, அதாவது புதிய கோரித்சா, என்று அதற்குப் பெயரிட்டனர். தாயூரை இழந்தவர்கள் அதன் பெயரையே சேய்க்குச் சூட்டினர்.

துடைப்ப ஞாயிறு

கோடு வரைந்த மூன்றாண்டில் ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. 1950 ஆகஸ்டில், எல்லையருகே நின்று உறவினரைக் காண மக்களுக்கு இசைவு தரப்பட்டது. 13ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். கூட்டம் காவலரை மீறி மறுபுறம் பாய்ந்தது. காவலர் சுடவில்லை. மக்கள் கொரீசியா நகரத் தெருக்களில் நுழைந்து, உற்றார் உறவினரைத் தழுவி அழுதனர். பின்னர்க் கடைகளுக்குச் சென்றனர். அக்காலத்தில் யூகோஸ்லாவியாவில் அன்றாடப் பண்டங்களுக்குப் பெரும் தட்டுப்பாடு. பலர் வாங்கியது வீடு பெருக்கும் துடைப்பம். மாலையில் தோளில் துடைப்பத்தோடு அவர்கள் தம் ஊர் திரும்பினர். அந்நாள் துடைப்ப ஞாயிறு என்று இன்றும் வழங்குகிறது.

இந்நிகழ்ச்சியின் சிறப்பு அவர்கள் எல்லையைக் கடந்ததில் இல்லை. திரும்பிச் சென்றதில் இருக்கிறது. அவர்களுட் பெரும்பாலோர் நாடு மாற வந்தவரல்லர். சந்தைக்குப் போய்வரும் பழைய உரிமையையே வேண்டினர். அரசுகளும் மெல்ல மெல்ல அதனை உணர்ந்தன. 1955இல் உதினே நகரில் செய்துகொண்ட உடன்பாடு, எல்லையின் இருமருங்கும் 10 கிலோமீட்டருக்குள் வாழ்வோருக்குக் கடவுச்சீட்டுக்கு மாறாக ஓர் அனுமதிச் சீட்டு வழங்கியது. மாதம் நான்கு முறை அவர்கள் போய்வரலாயிற்று. மேற்கும் கிழக்கும் முகங்கொடாதிருந்த காலத்தில், ஐரோப்பாவிலேயே எளிதிற் கடக்கத்தக்க எல்லைகளுள் ஒன்றாக இது மாறிற்று. 1975 நவம்பரில் ஓசிமோ உடன்படிக்கை எல்லையை இருநாட்டாரும் முடிந்த முடிபாக ஏற்கச் செய்தது. அதன் பின்னரே மிரேன் இடுகாட்டைப் பிளந்த கோடு விலக்கப்பட்டது.

சட்டமும் பள்ளியும்

எல்லைக்கு மேற்கே இத்தாலியில் தங்கிய ஸ்லோவீனியரின் நிலை யாது? 1945ஆம் ஆண்டிலேயே படைத்துறை ஆட்சி ஸ்லோவீனியப் பள்ளிகளை மீண்டும் திறந்தது. ஏறத்தாழ இருபதாண்டு இடைவெளிக்குப்பின் வகுப்பறையில் தாய்மொழி ஒலித்தது. கற்பிக்க ஆசிரியரும் பாடநூலும் அரிதாயின. ஒரு தலைமுறை ஆசிரியரே உருவாகாமற் போயிருந்தனர். பள்ளியை மூட ஓர் ஆணை போதும். மீண்டும் நிறுத்தவோ ஒரு தலைமுறை வேண்டும்.

1948இல் நடைமுறைக்கு வந்த இத்தாலியக் குடியரசின் அரசியலமைப்பு, மொழிச் சிறுபான்மையரைத் தனி விதிகளால் காக்க வேண்டும் என்று ஆறாம் பிரிவில் கூறியது. கூறியதைச் சட்டமாக்கக் காலம் நீண்டது. ஸ்லோவீனியப் பள்ளிகளுக்கான சட்டம் 1961 ஜூலையில் வந்தது. பிரியூலிய மொழி உள்ளிட்ட 12 சிறுபான்மை மொழிகளை ஏற்ற சட்டம் 1999 டிசம்பரில் வந்தது. ஸ்லோவீனியருக்கெனத் தனிச்சட்டம் 2001 பிப்ரவரியில் வந்தது. அச்சட்டம் செல்லும் ஊராட்சிகளின் பட்டியல் முடிவாக மேலும் ஆறாண்டு ஆயிற்று. அரசியலமைப்பு வாக்களித்து, அரைநூற்றாண்டுக்கு மேற்பட்ட பின்னரே அலுவலகத்தில் தம் மொழியில் விண்ணப்பிக்கும் உரிமை முழுமை பெற்றது.

சட்டம் தாமதித்த அக்காலத்தில் மொழியைத் தாங்கியது பள்ளியே. மழலையர் பள்ளி முதல் உயர்நிலைப் பள்ளி வரை ஸ்லோவீனிய மொழியில் பயிலும் அரசுப் பள்ளிகள் கொரீசியாவில் நடந்துவருகின்றன. இத்தாலிய மொழியும் அங்கே ஒரு பாடமாகச் செம்மையாகக் கற்பிக்கப்படுகிறது. பிள்ளைகள் இரு மொழியிலும் வல்லவராய் வெளிவருகின்றனர். அண்மைக் காலத்தில் இத்தாலியக் குடும்பங்களும் தம் பிள்ளைகளை இப்பள்ளிகளில் சேர்க்கத் தலைப்பட்டுள்ளன. இதனால் புதியதொரு சிக்கலும் எழுந்துள்ளது. வீட்டில் ஸ்லோவீனிய மொழி கேளாத பிள்ளைகள் வகுப்பில் மிகுந்தால், பயிற்றும் முறையை மாற்ற வேண்டும். ஆசிரியர் பளு கூடும். பகையால் வந்த இடர் அன்று, நட்பால் வந்த இடர் என்றாலும், ஆசிரியர் எண்ணித் தீர்க்க வேண்டிய ஒன்றே அது.

கோடு மங்கியபின்

1991இல் யூகோஸ்லாவியா சிதைந்து ஸ்லோவீனியா தனிநாடாயிற்று. 2004 மே முதல் நாள் அது ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது; புகைவண்டி நிலையச் சதுக்கத்தை மறித்த வேலி அகற்றப்பட்டது. 2007 டிசம்பரில் எல்லைச் சாவடிக் காவலும் நீங்கிற்று. ஆயினும் எல்லை முற்றும் மறைந்துவிடவில்லை. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் பரவியபோது அதே சதுக்கத்தில் மீண்டும் வேலி முளைத்தது. வேலியின் இருபுறமும் நின்று உறவினர் பேசிக்கொண்டனர். அவ்வாண்டு ஜூனில் அது நீக்கப்பட்டது. 2023 அக்டோபரில் பாதுகாப்புக் காரணங் காட்டி இத்தாலி சோதனைகளைத் தற்காலிகமெனத் தொடங்கியது. 2025ஆம் ஆண்டுக்கு நோவா கோரித்சாவும் கொரீசியாவும் ஒருங்கே ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக விளங்கின.

இதற்கிடையே, 2016 செப்டம்பர் இறுதியில், மாநில நிர்வாகச் சீர்திருத்தத்தால் கொரீசியா மாகாண ஆட்சிமன்றம் கலைக்கப்பட்டது. 1923இல் மாகாணம் நீங்கியபோது ஒரு மக்களின் குரலை அடக்குவதற்காக நீங்கியது. 2016இல் நீங்கியபோது செலவைக் குறைப்பதற்காக நீங்கியது. முன்னதால் மொழி நைந்தது. பின்னதால் பள்ளிகள் மூடப்படவில்லை. மாகாணம் என்னும் அமைப்பு இருப்பதும் இல்லாதிருப்பதும் அத்துணைப் பொருட்டன்று. மொழிக்குச் சட்டக் காப்பும் பள்ளியும் உண்டா இல்லையா என்பதே பொருட்டு என்பதனை இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டு உணரலாம்.

தொபெர்தோ, ஸ்தேவெர்யான், சோவொத்ன்யே ஆகிய சிற்றூர்களில் இன்றும் ஸ்லோவீனியரே மிகுதி. ஊர்ப்பலகைகளில் இருமொழியிலும் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நூற்றாண்டில் இவ்வூரார் தம் வீட்டை விட்டு அகலாமலே பல அரசுகளின் குடிகளாயினர்: ஆஸ்திரியப் பேரரசு, இத்தாலிய முடியரசு, ஜெர்மானியப் படையாட்சி, நேச நாடுகளின் ஆட்சி, இத்தாலியக் குடியரசு. ஐந்து ஆட்சிகளும் ஐந்து வகை முத்திரையோடு அவர்களுக்குச் சான்றிதழ் வழங்கின. 1001ஆம் ஆண்டுப் பட்டயத்தில் ஸ்லாவியர் மொழியில் இப்படி அழைப்பர் என்று எழுதிய எழுத்தர், அம்மொழி ஆயிரம் ஆண்டு கழித்தும் அக்குன்றடியில் வழங்கும் என்று எண்ணியிருக்க மாட்டார். அது வழங்குவதற்குக் காரணம் எந்த எல்லைக் கோடும் அன்று. வீட்டில் பேசிய தாயரும், கோயிலில் பாடியவரும், பள்ளி திறந்த மறுநாளே கரும்பலகையின் முன் வந்து நின்ற ஆசிரியருமே காரணம்.